பெய்ரோலாக் ஸ்டேஷனின் ஐந்து நிமிடம்

எங்கள் பெய்ரோலாக் ஸ்டேஷன் வாசலில் பாரம்பரியச் சங்கத்தார் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். சுவருக்குக் கல் எந்த மலையிலிருந்து வந்தது, கூரையை யார் வேய்ந்தார்கள், எஞ்சினுக்கான தண்ணீர்த் தொட்டியை எப்போது கட்டினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கழிவறைக்குக்கூட ஒரு முழுப் பத்தி ஒதுக்கியிருக்கிறார்கள். சிதோனி லாகொம்பைப் பற்றி ஒரு வரி இல்லை. சங்கத் தலைவரிடம் கேட்டதற்கு, அவள் ஸ்டேஷனைச் சேர்ந்தவள் இல்லையே, எதிர்க்கடைக்காரிதானே என்றார். அந்த மனிதருக்கு இதயம் இருக்கவேண்டிய இடத்திலும் அந்த மலைக் கல்லைத்தான் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

சிதோனி எதிர்க்கடைக்காரிதான். ஸ்டேஷன் முற்றத்தைத் தாண்டினால் அவளுடைய காபிக்கடை. காபிக்கடை என்று பெயரே தவிர, அங்கே காபி குடித்தவர்கள் குறைவு. கணவர் லாகொம்ப் ஒயினை விற்பதைவிடக் குடிப்பதில் திறமைசாலி. இளமையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அடக்கம் முடிந்த மறுநாளே சிதோனி கறுப்பு உடையின் கைகளைச் சுருட்டிவிட்டுக்கொண்டு கல்லாவுக்குப் பின்னால் நின்றாள். அழுதுகொண்டே கோப்பை கழுவினாள் என்பார்கள். கண்ணீர் விழுந்த கோப்பைகளும் பளபளவென்றுதான் இருந்தனவாம்.

அந்தக் கடையை வாழவைத்தது ஒயின் இல்லை, ஐந்து நிமிடம்.

அந்தக் காலத்தில் பிரான்சில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் இரண்டு நேரம் உண்டு. வாசலுக்கு மேலே தெருவைப் பார்த்தபடி ஒரு கடிகாரம். உள்ளே பிளாட்பாரத்தில் ஒரு கடிகாரம். உள்ளே இருப்பதை வேண்டுமென்றே ஐந்து நிமிடம் பின்னால் ஓடவிட்டிருந்தார்கள். ரயில் உள்கடிகாரத்தின் சொல்லைத்தான் கேட்கும். தாமதமாக ஓடிவருகிறவர்கள் ரயிலைத் தவறவிடக்கூடாதே என்ற இரக்கத்தில் செய்த ஏற்பாடு அது. மற்ற ஊர்க்காரர்கள் இந்த ஐந்து நிமிடத்தை ஓடி வருவதற்குச் செலவழித்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் ஓடுவதில்லை. நிதானமாக முன்கூட்டியே வந்து சிதோனியின் கடையில் உட்கார்ந்துகொள்வார்கள். வாசல் கடிகாரம் ரயில் நேரத்தைக் காட்டும்போதுதான் இரண்டாவது கோப்பையையே கேட்பார்கள். தண்டவாளத்தில் ரயில் வந்து நின்று, எஞ்சின் தொட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும். அது குடிக்கிறது, நாமும் குடிப்போம் என்பார்கள்.

ஐந்து நிமிடம் முடியப்போகும் நேரத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் ஒனெஸிம் புருகியேர் வாசலுக்கு வந்து ஒரு பித்தளைக் கைமணியை அடிப்பார். எல்லோரும் எழுந்து மீசையைத் துடைத்துக்கொண்டு போய் ஏறுவார்கள்.

ஒனெஸிம் உயரமான, ஒல்லியான, கல்யாணமாகாத மனிதர். விதிப்புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறவர். விதிப்படி அவர் ஸ்டேஷனை விட்டு நகரக்கூடாது. ஆனால் அவர் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். வெளிக்கடிகாரப்படி ரயில் போய்விட்டது. உள்கடிகாரப்படி ரயிலுக்கு இன்னும் நேரம் ஆகவில்லை. ஆகவே இந்த ஐந்து நிமிடம் எந்த நேரத்திலும் சேர்த்தி இல்லை. இதில் தான் எங்கே இருந்தாலும் ரயில் கம்பெனி கேட்கமுடியாது. இந்தத் தத்துவத்தின் பலத்தில் தினமும் காலை ரயிலின்போது முற்றத்தைக் கடந்து வந்து, சிதோனியின் கல்லா முன்னால் நின்று ஒரு காபி குடிப்பார். கடையில் காபி குடித்த அந்தச் சிலரில் அவர்தான் முக்கியமானவர்.

எதற்காக வருகிறார் என்பது ஊருக்கே தெரியும். எஞ்சின் டிரைவருக்கும் தெரியும். சிதோனிக்கும் தெரியும். ஆனால் ஒனெஸிம் வாயைத் திறந்தால் காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்பதுதான் வரும். ஒரே ஒரு தடவை, ஒரு ஈஸ்டர் வாரத்தில், தைரியத்தைக் கூட்டிக்கொண்டு, "மதாம் சிதோனி, எனக்கு உங்ககிட்ட ஒண்ணு..." என்று தொடங்கினார். சிதோனி படபடப்பில், "சர்க்கரையா?" என்று கேட்டுவிட்டாள். அவரும் பயந்துபோய் ஆமாம் என்றுவிட்டார். இனிப்பே பிடிக்காத அந்த மனிதர் அன்றிலிருந்து தினமும் இரண்டு கட்டி சர்க்கரை போட்ட காபியை முகம் சுளிக்காமல் குடித்தார். காதலுக்காக விஷம் குடித்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அவர்களுக்கு ஒரே தடவையோடு தொல்லை விட்டது.

இப்படியே போயிருக்கும். நாடாளுமன்றம் குறுக்கே வந்தது.

நாடு முழுவதும் கடிகாரங்களை ஒன்பது நிமிடமும் சில்லறையும் பின்னுக்குத் தள்ளவேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. உண்மையில் அது லண்டன் நேரத்தோடு ஒத்துப்போவதற்காக. ஆனால் சட்டத்தில் எங்கேயும் இங்கிலாந்தின் பெயரைச் சொல்லாமல் கௌரவமாகச் சமாளித்திருந்தார்கள். அதோடு சேர்த்து ரயில்வேயும் ஒரு முடிவு எடுத்தது. இனிமேல் ஸ்டேஷனில் இரண்டு நேரம் கிடையாது. வெளியே என்ன நேரமோ அதுதான் உள்ளேயும். மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமையோடு ஐந்து நிமிடம் ஒழிந்தது.

மேயர் காஸ்தானியே குடியரசின் விசுவாசி. நகரமன்றக் கடிகாரத்தைத் தன் கையாலேயே திருத்தி வைப்பேன் என்று அறிவித்தார். பங்குச் சாமியாருக்குக் குடியரசையும் பிடிக்காது, ஆங்கிலேயரையும் பிடிக்காது. சூரியனைப் படைத்தவர் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருக்கவில்லை, கோயில் கடிகாரத்தை யாரும் தொடக்கூடாது என்று பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். ஊர் இரண்டுபட்டது. ஆனால் இரண்டு கட்சியாருக்கும் சிதோனியை நினைத்தால் மனசு கனத்தது. ஐந்து நிமிடம் போனால் யார் அங்கே இரண்டாவது கோப்பை கேட்பார்கள்?

இந்த நேரம் பார்த்துத்தான் ரூகெத் வந்தார். தூலூஸில் பீப்பாய் பீப்பாயாக ஒயின் விற்கிறவர், மனைவியை இழந்தவர், வயிற்றின் குறுக்கே தங்கச் சங்கிலி. கெட்ட மனிதர் என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் அப்படி இல்லை. நல்லவர்தான். கல்யாணப் பேச்சையும் சரக்குப் பேச்சு மாதிரியே பேசினார். கடை நொடிக்கப்போகிறது, தன் வீட்டில் சமையலறைக்குள்ளேயே தண்ணீர்க் குழாய் இருக்கிறது, துணி துவைக்க ஆள் இருக்கிறது, சனிக்கிழமை காலை ரயிலில் தன்னோடு வந்தால் சாயங்காலம் தன் அக்காவை அறிமுகம் செய்துவைக்கிறேன் என்றார். சிதோனி யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். அவள் யோசித்தது ரூகெத்தைப் பற்றி இல்லை. ஒனெஸிமுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கிறது என்றுதான்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் கடையில் நிற்க இடமில்லை. எந்த ஊருக்கும் போக வேண்டாதவர்கள்கூடப் பெட்டியோடு வந்திருந்தார்கள். வாசல் கடிகாரம் ரயில் நேரத்தைக் காட்டியது. ஒனெஸிம் முற்றத்தைக் கடந்து வந்தார். அத்தனை பேரும் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

ஒனெஸிம் சர்க்கரைக் காபியைக் குடித்து முடித்தார். "மதாம் சிதோனி, நாளையிலேருந்து இந்த அஞ்சு நிமிஷம் இருக்காது," என்றார்.

"தெரியும்," என்றாள் சிதோனி.

"அதனால..."

சிதோனி கல்லா விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அதனால, போன குளிர்காலத்துல காய்ச்சலா இருந்தப்ப ஸ்டேஷனுக்குக் காபி குடுத்தனுப்பினீங்களே, அந்தக் கோப்பை என்கிட்டயே தங்கிடுச்சு. கழுவிக் கொண்டுவந்திருக்கேன்."

கோட்டுப் பையிலிருந்து கோப்பையை எடுத்து வைத்துவிட்டுப் போய் மணி அடித்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரு கிழவர் மட்டும், "இந்த ஆளைப் பெத்ததுக்குப் பதிலா அவங்கம்மா ஒரு சிக்னல் கம்பத்தைப் பெத்திருக்கலாம்," என்று சொன்னார். அன்று மாலை சிதோனி பரண்மேலிருந்து பெட்டியை இறக்கினாள். கறுப்பு உடையை மடித்து வைக்கும்போது அவள் அழவில்லை. அந்த வயதில் பெண்கள் அழாமல் துணி மடிப்பதைப் பார்ப்பதுதான் கொடுமை.

சனிக்கிழமை விடிந்தது. சிதோனிக்கு விடைகொடுக்க ஊரே கடையில் கூடிவிட்டது. காலை ரயிலில் போகவேண்டியவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். மேயர் காஸ்தானியே மொன்தோபான் கண்காட்சிக்காகப் பட்டாணி ஊட்டி வளர்த்த வாத்தைக் கூடையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். மார்பில் மூவர்ணப் பட்டை வேறு. கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்குப் பேசவேண்டும் என்று தோன்றிவிட்டது. மேயருக்கு மூன்று பேர் சேர்ந்து நின்றாலே பேசத் தோன்றும்.

கோப்பையைத் தூக்கிக்கொண்டு தொடங்கினார். பெய்ரோலாக் இன்று இரண்டு இழப்புகளைச் சந்திக்கிறது, ஒன்று சிதோனி, இன்னொன்று நம்முடைய ஐந்து நிமிடம் என்றார். அந்த ஐந்து நிமிடத்தில் எத்தனை பகை தீர்ந்தது, எத்தனை மாடு கைமாறியது, எத்தனை கல்யாணம் நிச்சயமானது என்றார். இதைச் சொல்லும்போது சிதோனியைப் பார்த்துவிட்டு, எத்தனை நிச்சயமாகாமலும் போனது என்று சேர்த்துக்கொண்டார். பெண்கள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்கள். ஆண்கள் இன்னொரு கோப்பை கேட்டார்கள். ஜன்னல் வழியாக எல்லோரும் வாசல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ரயில் வந்து நின்று தண்ணீர் பிடித்தது. கடிகாரம் சரியாக ரயில் நேரத்தைக் காட்டியது. அப்புறம் என்ன, இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறதே என்று அத்தனை பேரும் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்கள்.

ஐந்து நிமிடம் செத்துப்போய்விட்டது என்று இரங்கல் பேசியவர்கள், அதைக் கேட்டு அழுதவர்கள், அந்த ஐந்து நிமிடத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தார்கள். மணி எப்போது அடிக்கும் என்று அவர்கள் காது காத்திருந்தது. மணி அடிக்கவில்லை.

விசில் கேட்டது. மேயர், "எஞ்சினும் நம்மகூடச் சேர்ந்து அழுவுது," என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். அப்புறம்தான் ஒருவர் ஜன்னலோரமாகப் போய், "அழுதுக்கிட்டே நகருதே," என்றார்.

அதற்குமேல் நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் சாகும்வரை சொல்லிச் சிரித்தார்கள். இரண்டு பேர் சிதோனியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட, அவர்களுக்குப் பின்னால் மேயர் ஓட, மூவர்ணப் பட்டை காலில் சிக்கிக் கூடை உருண்டு, வாத்து வெளியே வந்து பயணச்சீட்டு ஜன்னல்மேல் ஏறி உட்கார்ந்தது. பிளாட்பாரத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பெட்டி சரக்குக் கொட்டகையைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஜன்னலில் ரூகெத்தின் தலை. ஊர்ப் பழக்கம் தெரியாத மனிதர், கால அட்டவணையை நம்பி, முன்னதாகவே போய் இரண்டு மூலை இருக்கைகளைப் பிடித்துவைத்திருந்தார். "அடுத்த ரயில்ல வந்திடுங்க, சிதோனி," என்று கத்தியபடி போனார்.

அவருக்கு எதிரே, பல்வலியில் வீங்கிய கன்னத்தோடு பங்குச் சாமியார் உட்கார்ந்திருந்தார். ஊரிலிருந்து அன்று ரயில் ஏறிய ஒரே மனிதர் அவர்தான். சட்டத்தை மதிக்காமல் கோயில் கடிகாரத்தை ஒன்பது நிமிடம் முந்தி ஓடும் பழைய நேரத்திலேயே விட்டிருந்ததால், வழக்கம்போல ஐந்து நிமிடம் தாமதமாகப் புறப்பட்டும் அவர் முன்னதாகவே வந்து சேர்ந்துவிட்டார். சட்டத்தை எழுத்துக்கு எழுத்து மதித்த மேயர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒனெஸிம் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சிதோனி நேராக அவரிடம் போனாள்.

"மணி ஏன் அடிக்கல?"

"விதிப்புத்தகத்துல மணி கிடையாது, மதாம். அது என் சொந்த மணி."

"அந்தச் சொந்த மணியைத்தான் கேக்கறேன்."

ஒனெஸிம் வடக்கே பார்த்தார். காற்று எந்தப் பக்கம் என்று சொல்லப்போகிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். "மறந்துட்டேன்," என்றார்.

"நீங்க மறக்கற ஆளா? போன வருஷம் அறுவடையப்ப எந்தப் பக்கம் காத்து அடிச்சதுன்னு கேட்டாக்கூடச் சொல்வீங்க."

ஒனெஸிம் தொப்பியைக் கழற்றினார். பணி நேரத்தில் அவர் தலையை ஊரில் யாரும் பார்த்ததில்லை. தொப்பி அழுத்திய கோடு நெற்றியைச் சுற்றிச் சிவப்பாக இருந்தது.

"மறக்கல," என்றார். "மணியைக் கையில எடுத்தேன். அதோட நாக்கைப் பிடிச்சுக்கிட்டு கதவுக்குப் பின்னாலேயே நின்னேன்."

"எதுக்கு?"

"அடிச்சா நீங்க போயிடுவீங்க."

இத்தனை வருடமாக அவர் சொல்லாமல் விழுங்கியது அத்தனையும் அந்த ஒரு வாக்கியத்தில் வந்துவிட்டது. அந்தப் புனிதமான வேளையில் மேயர் காஸ்தானியே, "அப்ப என் வாத்து?" என்று கேட்டார்.

அவருக்குக் கோபம் ஏறியது. "ஒரு பொம்பளைய நிறுத்தறதுக்கு ஊரையே நிறுத்தணுமாய்யா?"

"அவங்கள மட்டும் நிறுத்தற மாதிரி மணி என்கிட்ட இல்லீங்க, மேயர் ஐயா," என்றார் ஒனெஸிம்.

சிதோனி பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் ஒத்திவைத்துவிட்டு அவள் கேட்டாள்.

"மத்தியானம் ஒரு ரயில் இருக்கு. அதுக்கு அடிப்பீங்களா?"

ஒனெஸிம் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "நீங்க அடிக்கச் சொன்னா அடிப்பேன்."

"சொல்லலைன்னா?"

"கிணத்துல போட்டுடுவேன்."

சிதோனி எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "பெட்டியைத் தூக்குங்க," என்றாள். பெட்டியைத் தூக்கிவந்த இருவரும் முன்னால் வந்தார்கள். "நீங்க இல்ல. இவர்."

ஸ்டேஷன் மாஸ்டர் பயணிகளின் சாமானைத் தொடக்கூடாது என்று விதிப்புத்தகத்தில் தெளிவாகவே இருக்கிறது. ஒனெஸிம் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, தலையில் தொப்பி இல்லாமல், பட்டப்பகலில் முற்றத்தைக் கடந்தார். அவருக்குப் பின்னால் சிதோனி தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். அவளுக்குப் பின்னால் ரயிலைத் தவறவிட்ட ஊர் மொத்தமும் நடந்தது. மத்தியானம் வரைக்கும் வேறு எங்கே போய் உட்காருவது? அன்று கடையில் விற்றது போல அதற்கு முன்னால் என்றைக்கும் விற்றதில்லை. அது மட்டும் இல்லை. ஒருமுறை சூடுபட்ட எங்கள் ஊர்க்காரர்கள் அதற்குப் பிறகு பயந்துபோய் ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு மணி நேரம் முன்னாலேயே வரத்தொடங்கினார்கள். வந்தவர்கள் சும்மாவா உட்காருவார்கள்? சிதோனி இன்னும் நான்கு நாற்காலி வாங்கிப் போடவேண்டியிருந்தது.

மேயர் கம்பெனிக்குப் புகார் கொடுத்தார். ரயில் சரியான நேரத்துக்குப் புறப்பட்டுவிட்டது என்பதுதான் புகார். அதற்கு ஒரு ஸ்டேஷன் மாஸ்டரை எப்படித் தண்டிப்பது என்று அங்கே யாருக்கும் புரியவில்லை. கடைசியில் ஒனெஸிமைப் பாராட்டிவிட்டார்கள். மேயர் ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை, அதாவது மேடைபோட்டுப் பேசவில்லை. வாத்து கண்காட்சிக்குப் போகாமல் ஜூன் மாதக் கல்யாண விருந்துக்குப் போனது. விருந்தாளியாக இல்லை.

பங்குச் சாமியார் அன்று மாலையே பல் இல்லாமல் திரும்பி வந்தார். வாயைத் திறக்கமுடியாத அவருக்கு எதிரே உட்கார்ந்து ரூகெத் மொன்தோபான் வரை தன் துக்கத்தை எல்லாம் கொட்டியிருக்கிறார். குறுக்கே பேசாமல் இவ்வளவு பொறுமையாகக் கேட்ட ஒரு மனிதரைத் தான் கண்டதே இல்லை என்று ரூகெத் மனம் நெகிழ்ந்து சாமியாருக்கு ஒரு பீப்பாய் ஒயின் அனுப்பிவைத்தார். ஆண்டவரின் நேரத்தை மாற்றாதவர்களுக்கு இப்படித்தான் கூலி கிடைக்கும் என்று சாமியார் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொன்னார்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை காலையில், ஒனெஸிம் பெட்டியை இறக்கி வைத்தது சிதோனியின் சமையலறையில். அத்தனை வருடத்தில் கல்லாவைத் தாண்டி அவர் உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை. பெட்டி ஏன் இப்படிக் கனக்கிறது என்று கேட்டார். செப்புப் பாத்திரம் எல்லாம் அதில்தான் இருக்கிறது, தூலூஸ்க்காரிகளின் பாத்திரத்தில் சமைக்கத் தனக்கு மனசில்லை என்றாள். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசைமேல் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். சிதோனி அந்தக் கைகள்மேல் தன் கையை வைத்து அவற்றை நிறுத்தினாள்.

அப்போது வெளியே, மூடிய சிக்னலுக்கு அப்பால், சரக்கு ரயில் வந்து நின்று விசில் அடித்தது. கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி அடித்தது.

"உங்களத்தான் கூப்பிடறாங்க," என்றாள் சிதோனி.

"கேக்குது," என்றார் ஒனெஸிம். ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை.